முட்டு பிரிக்காமல் சுவர் எழும்பாது

பி.இ. சிவில் முடித்த மகளை புராஜெக்ட் மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ.வில் சேர்க்க 12 லட்சம் கடன் வாங்கலாமா என்று திருச்சியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பெங்களூரில் இருக்கும் பெரியப்பா சீட் பேசி வைத்துவிட்டாராம். 20ஆம் தேதிக்குள் 50,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். மகள் பயிற்சிக்குப் போன அடுக்குமாடி சைட்டில், இன்றைக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எவ்வளவு வேலை ஆனது என்று யாரும் சொல்லாமலே எக்ஸெலில் குறித்து வைத்திருக்கிறாள். வீட்டில் அதைப் பார்த்து, "இது கிளார்க் வேலை" என்றிருக்கிறார்கள்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நாள் இல்லை. அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

12 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 7 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 20,500 ரூபாய். மொத்தம் 17 லட்சத்தைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. புதிதாகச் சேரும் சிவில் பட்டதாரிகள் பலருக்கு முதல் சம்பளமே இதையொட்டித்தான் இருக்கும். எம்.பி.ஏ. முடித்தால் நேரே மேனேஜர் ஆகலாம் என்று பெரியப்பா நினைக்கிறார். ஒரு தளம்கூடக் கட்டி முடித்துப் பார்க்காதவர் கையில் யாரும் சைட்டை ஒப்படைப்பதில்லை. மாமா சொல்லும் பி.எம்.பி. என்ற புராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழுக்கும் இப்போது வழியில்லை. நான்காண்டுப் பட்டம் இருந்தாலும், 36 மாதம் புராஜெக்டை முன்னின்று நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் இருந்தால்தான் அந்தத் தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியும்.

உறவினர்கள் பேச்சில் வராத ஒரு வேலை சைட் ஆபீஸில் இருக்கிறது: பிளானிங் இன்ஜினியர். எந்த வேலை எப்போது தொடங்கும், எதற்காக எது காத்திருக்கிறது, நேற்று எவ்வளவு நடந்தது, ஏன் நடக்கவில்லை என்பதையெல்லாம் கணக்காக வைத்திருப்பவர் அவர்தான். உங்கள் மகள் தானாகச் செய்துகொண்டிருந்தது இதன் முதல் படி. புராஜெக்டுகள் எங்கே சறுக்குகின்றன என்பதை அந்த நாற்காலியில் இருப்பவர்தான் முதலில் பார்க்கிறார்.

முதல் சறுக்கல், ஓனர் சொன்ன தேதியிலிருந்து பின்னோக்கி அட்டவணை போடுவது. நாள் கணக்கு வேலையின் அளவிலிருந்துதான் வர வேண்டும். 60 கன மீட்டர் செங்கல் கட்டு வேலை, 4 கொத்தனார், ஆளுக்கு நாளொன்றுக்கு 1 கன மீட்டர் என்றால் 15 நாள். 8 நாளில் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு ஆளும், அவர்கள் நின்று வேலை செய்ய இடமும், அதற்கேற்ற கலவையும் இருக்க வேண்டும். இதில் எதையும் கேட்காமல் 8 என்று எழுதியவுடனே அந்த அட்டவணை பொய்யாகிவிடுகிறது.

அடுத்தது இன்னும் மோசம். நன்றாகப் படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். மேலே ரூஃப் கான்கிரீட் போட்ட மறுநாளே கீழ்த்தளத்தில் சுவர் வேலை தொடங்கும் என்று கணினியில் கோடு இழுத்துவிடுவார்கள். கீழே போய்ப் பார்த்தால், கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் முட்டுகளுக்கு நடுவே ஆள் நுழையவே முடியாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டில் போட்ட ஸ்லாப்பின் ஸ்பேன் (தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையிலான தூரம்) 4.5 மீட்டருக்குள் இருந்தால் முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் 14 நாள். ஸ்பேன் 6 மீட்டருக்கு மேற்பட்ட பீம் என்றால் 21 நாள். மற்ற வகை சிமென்ட்டுக்கு இந்த நாட்களைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆளைக் கூட்டியும் இரவு வேலை வைத்தும் இந்த நாட்களைக் குறைக்க முடியாது. இந்த ஒரு இணைப்பை விட்டால் ஒவ்வொரு தளத்துக்கும் வாரக்கணக்கில் சறுக்கும்.

லிஃப்ட்டும் அப்படித்தான். கம்பெனியை முடிவு செய்து அவர்கள் வரைபடம் கைக்கு வராமல் லிஃப்ட்டின் அடிப்பள்ளத்தின் ஆழமும் அது ஏறி இறங்கும் கூட்டின் அளவும் உறுதியாகாது. அஸ்திவாரக் கான்கிரீட் போட்ட பிறகு வரைபடம் வந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே பொருள் வாங்கும் தேதிகளும் அட்டவணைக்குள் வர வேண்டும்.

"90 சதவீதம் முடிந்தது" என்று மூன்று வாரமாக ஒரே பதில் வந்தால், யாரோ குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். கான்கிரீட் விழுந்த பிறகுதான் அந்த ஸ்லாப் கணக்கில் ஏற வேண்டும். கம்பி கட்டியது தனிக் கணக்கு. முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் 60 சதவீதம் இருக்க அறிக்கையில் 90 இருந்தால் பில் போடும் அன்று சண்டை வரும். ஓனர் வந்து, "டாய்லெட்டை அந்தப் பக்கம் மாற்றுங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால், அன்று மாலையே தேதி, காரணம், கூடும் நாள், கூடும் செலவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாரும் போடமாட்டார்கள். முதலில் ஒப்புக்கொண்ட அட்டவணையின் மேலேயே புதிய தேதிகளைப் பதிந்து அழித்துவிடுவதும் பெரும் தவறு. அந்த மூலப் பிரதி இல்லாமல் எவ்வளவு தாமதம் என்று காட்ட ஆதாரமே இருக்காது.

இதைக் கற்க 12 லட்சம் வேண்டாம். தெரிந்தவர் யாராவது கட்டும் தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். வரைபடத்திலிருந்து அளவு எடுத்து, 60 வேலைகளாகப் பிரித்து, எதற்குப் பின் எது என்று இணைத்து, புராஜெக்ட்லிப்ரே என்ற இலவச மென்பொருளில் ஏற்றட்டும். வாரம் ஒருமுறை நேரில் போய், நடந்ததை அதன் பக்கத்தில் பதியட்டும். 12 வாரம் ஆனதும் எது ஏன் தவறியது என்று ஒரு பக்கம் எழுதட்டும். வேலைக்கான நேர்காணலில் அந்தப் பக்கத்தை மேசையில் வைத்தால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். அதன் பிறகு பிரைமவேரா பி6 என்ற அட்டவணை மென்பொருளில் குறுகிய காலப் பயிற்சி ஒன்று போதும். அதற்கு லட்சக்கணக்கில் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

"பொம்பளைப் பிள்ளை சைட்டுக்குப் போவதா" என்ற பேச்சும் வீட்டில் வந்திருக்கிறது. போகத்தான் வேண்டும், சைட்டைப் பார்க்காமல் போட்ட திட்டத்தை மேஸ்திரியே மதிக்கமாட்டார். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மாலை திரும்ப வண்டி, இரவு கான்கிரீட் அன்று யார் துணை என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும் தயங்காதீர்கள்.

மூன்று ஆண்டு கழித்தும் அவளுக்கே மேற்படிப்பு வேண்டுமென்று தோன்றினால் அப்போது பார்க்கலாம். சொந்தச் சம்பளமும் அனுபவச் சான்றும் கையில் இருக்கும். இப்போது பெரியப்பாவுக்குப் போன் செய்து சீட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நீங்களே பேசுங்கள், மகளைப் பேச வைக்காதீர்கள். அவளுடைய அந்த எக்ஸெல் தாள்களை ஒன்றுவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த 12 வார வேலைக்கு ஆள் கணக்கு அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.