குறைந்த எண்ணுக்காக அழைத்தார்கள் என்று வருந்தும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

செயின்ட் லூயிஸ் வந்து மூன்று மாதமே ஆன நிலையில், அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள் தங்கள் செவ்வாய்க்கிழமை பூல் (வெள்ளைப் பந்தைக் கோலால் தட்டி மற்றப் பந்துகளைக் குழியில் போடும் மேசை ஆட்டம்) அணியில் சேரச் சொல்லி உங்களை அழைத்ததாகவும், அதில் மகிழ்ந்திருந்தபோது அவர்களில் ஒருவர் “எங்களுக்கு ஒரு 3 தேவைப்படுகிறது” என்று சொன்னதைக் கேட்டு மனம் சுருங்கிப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆட்டம் தெரியாதவள் என்பதற்காகவே அழைக்கிறார்களா, அப்படியானால் போகத்தான் வேண்டுமா, மது அருந்தாத பெண் வாரம் தவறாமல் ஒரு பாரில் மூன்று மணி நேரம் எப்படி இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த ஊருக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பதினோரு ஆண்டுகள் பார் டேபிளில் பூல் ஆடியிருக்கிறேன்.

ஆம், உங்கள் எண்ணுக்காகத்தான் அழைக்கிறார்கள். ஆனால் அந்த எண் உங்களைப் பற்றி யாரும் சொன்ன தீர்ப்பு அல்ல. அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் நடத்தும் எட்டுப் பந்து ஆட்டத்தில் (தன் பந்துகளையெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் கறுப்பு 8-ஐப் போடுபவர் வெல்வார்) திறமை 2 முதல் 7 வரை எண்ணிடப்படுகிறது. புதிதாகச் சேரும் ஆண் 4 என்றும் பெண் 3 என்றும் தொடங்குவது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்து வந்தது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற அந்த வேறுபாடு எனக்கு உடன்பாடானது அல்ல. ஆனாலும் சில வாரங்களில் உங்கள் ஆட்டமே அந்த எண்ணைத் திருத்திவிடும் என்பதால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அவர்களுக்கு ஏன் ஒரு 3 தேவை என்பதற்கு விடை 23 என்ற எண்ணில் இருக்கிறது. ஓர் இரவில் ஓர் அணியிலிருந்து ஐந்து பேர் ஆளுக்கொரு போட்டி ஆடுவார்கள். அந்த ஐவரின் எண்களைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. ஒரு 7, ஒரு 6, ஒரு 4 என்று மூவரை இறக்கிவிட்டால் 17 தீர்ந்துவிடும். மீதமுள்ள 6-ஐ வைத்துக்கொண்டு இரண்டு 3-களையோ, ஒரு 4-ஐயும் ஒரு 2-ஐயுமோதான் இறக்க முடியும். கெட்டிக்காரர்களை மட்டுமே திரட்டிக்கொண்டு ஓர் அணி எல்லாரையும் வென்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வரம்பு. அணியில் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இடம் கட்டாயம் இருக்கிறது. அந்த இடம் தயவால் கிடைப்பதல்ல, விதியால் கிடைப்பது. மொழியின் நெளிவுசுளிவுகளும் ஊர்க்கதைகளும் இன்னும் பிடிபடாத ஒருவருக்கு, உள்ளே வருவதற்கு இப்படியொரு வாசலைத் திறந்து வைத்திருக்கும் வேறு இடத்தை நான் இந்த நாட்டில் அதிகம் கண்டதில்லை.

இந்த முறையின் பிறப்பிடத்துக்கு அருகிலேயே நீங்கள் இருக்கிறீர்கள். டெரி பெல், லாரி ஹப்பார்ட் என்ற இரு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1979-இல் தொடங்கிய இந்த அமைப்பின் தலைமையகம், நம் ஊருக்கு மேற்கே லேக் செயின்ட் லூயிஸில் இருக்கிறது. இப்படி எண் கொடுத்து ஆட்டத்தைச் சமன் செய்யும் முறைக்கு ஹேண்டிகேப் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ஊனம் என்ற பொருள் மனத்தில் வந்து உறுத்துகிறது. கிண்டி குதிரைப் பந்தயத்தை நினைத்துக்கொண்டால் அந்த உறுத்தல் போய்விடும்: அங்கே ஹேண்டிகேப் பந்தயத்தில் வேகமான குதிரைக்குத்தான் கூடுதல் எடையை ஏற்றுகிறார்கள். இங்கேயும் சுமை வல்லவர் தோளில்தான். 3-ஆக இருக்கும் நீங்கள் 6-ஆக இருப்பவரோடு ஆடினால், போட்டியை வெல்ல நீங்கள் இரண்டு ஆட்டம் வென்றால் போதும். அவர் ஐந்து வென்றாக வேண்டும். எதிரில் 7 வந்தால் அவருக்கு ஆறு, உங்களுக்கு அதே இரண்டு.

என் முதல் பருவத்தில், கூரை வேய்வதைத் தொழிலாகக் கொண்ட, அறுபது வயதை நெருங்கிய ஒருவரோடு அப்படித்தான் மோதினேன். அவர் 6. நான்குக்கு ஒன்று என்று முன்னே நின்றார். அதாவது இருவருக்குமே இன்னும் ஓர் ஆட்டம் போதும். மேசையில் எனக்கு ஒரு கோடிட்ட பந்தும் கறுப்பு 8-ம் மீதி. அவருக்கு இரண்டு பந்துகள். நான் நேராகக் குழியைப் பார்த்துக் குனிந்தபோது கேப்டன் டைம்-அவுட் (ஆலோசனை சொல்வதற்கான சிறு இடைவேளை) கேட்டு அருகில் வந்து, “போட வேண்டாம், உன் பந்தை மெதுவாக உருட்டி அவர் பந்து போக வேண்டிய குழியின் வாயில் நிறுத்து, வெள்ளையை 8-இன் பின்னால் ஒளித்து வை” என்றார். அப்படியே செய்தேன். அவர் 8-ஐத் தாண்டித் தன் பந்தைத் தொட முடியாமல் ஃபவுல் ஆனதும், விரும்பிய இடத்தில் வைத்து ஆட வெள்ளைப் பந்து என் கைக்கு வந்தது. வாயில் நின்ற பந்தைப் போட்டேன். 8-ஐப் போடும் குழியை முன்கூட்டியே குறிக்க வேண்டும் என்பது விதி என்பதால், ஈரம் காயாத ஒரு கோஸ்டரை (கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையை) எடுத்து மூலைக் குழியருகே வைத்தேன். அதன் வட்டக் கறை இன்றும் கண்ணில் நிற்கிறது. 8 உள்ளே விழுந்த ஓசை கேட்டதும் அந்தப் பெரியவர்தான் முதலில் கை நீட்டினார். அதுவரை அந்த ஊரில் என் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டவர் யாரும் இல்லை, அவர் செய்தார்.

மேசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோவையில் கேரம் ஆடியதையும், கிளப்பில் அப்பாவோடு ஸ்னூக்கர் பார்த்ததையும் எழுதியிருந்தீர்கள். ஸ்னூக்கர் மேசை 12 அடி. பார் டேபிள் 7 அடிதான். குழிகள் அகலமானவை என்பதால் தொலைவிலிருந்து போடுவது எளிது, ஆனால் பதினைந்து பந்துகளும் அந்தச் சிறு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் வழி கிடைப்பதுதான் கடினம். ஒட்டிக்கிடக்கும் காய்களை எந்த இடத்தில் தட்டினால் எது எங்கே விலகும் என்று கேரம் பலகையில் பழகிய கண், இங்கே உடனே கைகொடுக்கும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். காசு போட்டு ஆடும் பழைய மேசைகளில், குழியில் விழுந்த வெள்ளைப் பந்தை மட்டும் பிரித்துத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால், அதன் உள்ளே காந்தம் ஈர்க்கும் பொருளை வைத்திருப்பார்கள், அல்லது மற்றப் பந்துகளின் இரண்டேகால் அங்குல விட்டத்தைவிட அரைக்கால் அங்குலம் பெரிதாக்கியிருப்பார்கள். பெரிய பந்துக்குக் கனமும் கூடுதல். அது மோதியபின் முன்னே ஓடும், பின்னுக்கு இழுத்தால் எளிதில் வராது. ஆகவே போட்டி தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்து அந்த மேசையின் வெள்ளைப் பந்து எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். எண் எப்படி உயர்கிறது, எப்படித் தாழ்கிறது என்பது ஸ்கோர் தாளில் தீர்மானமாகிறது. ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிவிலும், அதாவது இருவரும் மேசையில் ஒரு முறை ஆடி முடித்ததும், ஒரு கோடு போட வேண்டும். குழியில் போடும் எண்ணமின்றி, எதிராளியைத் தடுப்பதற்காகவே ஆடிய அடியை டிஃபென்ஸ் என்று தனியே குறிக்க வேண்டும். ஓர் ஆட்டத்தை வெல்ல எத்தனை இன்னிங்ஸ் எடுத்தீர்கள் என்பதிலிருந்து, தடுப்புக்காக ஆடியவற்றைக் கழித்துவிட்டு, அண்மைய இருபது போட்டிகளில் சிறந்த பத்தை எடுத்து உங்கள் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். வேண்டுமென்றே தவறவிட்டு இன்னிங்ஸ்களைப் பெருக்கிக்கொண்டால் எண் தாழ்ந்தே இருக்கும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். இதற்கு சாண்ட்பேகிங் என்று பெயர். இந்த ஆட்டத்தை அரிக்கும் கரையான் அதுதான்.

என் இரண்டாம் ஆண்டில் என் எண் 3-இலிருந்து 4 ஆனது. அன்று மாலை எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி முடியாது. ஆனால் கேப்டனின் முகம் வாடியதையும் பார்த்தேன். 7, 6, 4, 3 என்று நால்வரோடு நான் சேர்ந்தால் 24 ஆகிவிடும். அடுத்த வாரம் அவர் என்னைத் தனியே அழைத்து, வெற்றி உறுதியான ஆட்டங்களில் 8-ஐப் போடுவதற்கு முன் இரண்டு மூன்று முறை தவறவிடலாமே, யாருக்கும் இழப்பில்லையே என்று அன்பாகவே சொன்னார். எனக்கு அந்தக் குளிர்காலத்தில் அந்த அணியைத் தவிர நண்பர்கள் என்று யாரும் இல்லை. அதனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஐந்து ஆட்டம் வெல்ல வேண்டும் என்ற சுமையை ஒருவர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்வது, என் எண் உண்மையானது என்று அவர் நம்புவதால்தான். அந்தக் கூரைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். நான்கு வாரம் என்னை உட்கார வைத்தார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் வேறோர் அணிக்குப் போனேன். இன்றும் அங்கேதான் ஆடுகிறேன், 5-ஆக.

ஆகவே, குறைந்த எண்ணுக்காக அழைத்தால் தயங்காமல் போங்கள். எண்ணைக் குறைத்தே வைத்திருக்கச் சொன்னால் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. முதல் மாதத்திலேயே ஸ்கோர் தாள் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஆட்டத்தை ஓர் அடி விடாமல் கவனிக்க வேண்டியிருப்பதால் ஆட்டமும் பிடிபடும், எதிரணியில் தாள் எழுதுபவரோடு ஒவ்வோர் இன்னிங்ஸ் கணக்கையும் ஒப்பிட வேண்டியிருப்பதால் பேச்சும் தானாக வரும்.

வார இறுதிகளில் பார்களில் நடக்கும் தனிநபர் போட்டிகளுக்கும் பின்னர் அழைப்பு வரும். அங்கே பெரும்பாலும் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் உருவான ஃபார்கோரேட் என்ற கணக்கு வழங்குகிறது. இருவருக்கிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால், பலவீனமானவர் ஒன்று வெல்லும்போது மற்றவர் இரண்டு வெல்வார் என்பது அதன் அடிப்படை. சில இடங்களில் ஆட்டக்காரர்களையே ஏலம் விட்டு, சேர்ந்த தொகையை வென்றவர்களை ஏலத்தில் எடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குக் கல்கத்தா என்றே பெயர். நான் அதில் கலந்துகொள்வதில்லை. உங்கள் எண் மீது பிறர் பணம் வைக்கும் இடத்தில் எண்ணைப் பற்றிய பேச்சு கசப்பாகிவிடுகிறது.

பாரைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். எலுமிச்சைத் துண்டு போட்ட சோடா கேளுங்கள், ஒரு டாலர் டிப்ஸ் வையுங்கள். ஏன் குடிக்கவில்லை என்று என்னை இதுவரை இரண்டே பேர்தான் கேட்டிருக்கிறார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மிசூரி மாநிலம் முழுவதற்குமான புகைத்தடைச் சட்டம் இல்லாததால், சில ஊர்களில் பாருக்குள்ளேயே புகைப்பார்கள். உங்கள் அணி ஆடும் இடம் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் முடியப் பதினொரு மணி ஆகலாம் என்பதால் உங்கள் வண்டியிலேயே போங்கள்.

செவ்வாயன்று அரை மணி நேரம் முன்னதாகப் போய் மேசையைப் பழகிக்கொள்ளுங்கள். 3-ஆக இருக்கும் உங்களுக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு டைம்-அவுட் உண்டு. 4-உம் அதற்கு மேலும் ஆனால் ஒன்றுதான். கூச்சப்பட்டு அவற்றை வீணாக்காமல், முதல் ஆட்டத்திலேயே இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா