கர்ப்பத்தில் போட்ட பனடோலா காரணம்?

மகன் இன்னும் பேசவில்லை, கர்ப்பத்தில் போட்ட பனடோல்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் பேசாததற்கு நீங்கள் காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) போட்டது காரணம் இல்லை. அந்தப் பழியை மனதில் இருந்து இறக்கி வையுங்கள். சுவீடனில் சுமார் 24.8 லட்சம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்தது. ஒரு பிள்ளையைச் சுமந்தபோது இந்தக் குளிசை எடுத்து, மற்றதைச் சுமந்தபோது எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஓட்டிசம் (பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் வேறுபடும் வளர்ச்சி நிலை) வரும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை. கடும் காய்ச்சலை அப்படியே விடுவதுதான் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது.

இரண்டரை வயது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, அடிக்கடி காதில் சீழ் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் காதில்தான்.

அவன் விளையாடும்போது பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் பிஸ்கட் பைக்கற்றைக் கசக்குங்கள். எதற்குத் திரும்புகிறான்? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறானா? எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

ஆனால் பைக்கற்றுக்குத் திரும்பினான், காது சரி என்று விட்டுவிடாதீர்கள். சில சத்தங்கள் மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு. காதும் ஓட்டிசமும் சேர்ந்தும் இருக்கலாம். குடும்பநல மாதுவிடம் சொல்லி, விசுவமடுவில் இருந்து பஸ் ஏறி கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் பேசுவான்" என்று வீட்டில் சொன்னாலும் பொறுக்க வேண்டாம்.