மைக்ல பேசாமலே மீட்டர் குதிக்குதா?

கேள்வி: ஹாம் ரேடியோவுக்கு ரெண்டு 811ஏ வால்வு (வெற்றிடக் குழாய்) போட்டு லீனியர், அதாவது சிக்னல் பவரைக் கூட்டுற ஆம்ப்ளிஃபையர், கட்டியிருக்கேன் சார். 40 மீட்டர் பேண்டுல (அலைவரிசைல) பிரச்சினையே இல்ல, ஆனா 10 மீட்டர் பேண்டுல பிடிடி (பேசுறதுக்கான மைக் பட்டன்) அமுக்கினாலே, பேசாமலே, வால்வோட கிரிட் கரண்ட்டைக் காட்டுற மீட்டர் குதிக்குது. வால்வு போச்சா?

பதில்: வால்வு மேல பழி போடாதீங்க, டிரைவே (உள்ள வர்ற சிக்னல்) இல்லாம கிரிட் கரண்ட் வருதுன்னா ஆம்ப்ளிஃபையர் தானாவே சிக்னல் உண்டாக்கி ஆசிலேட் ஆகுதுன்னு அர்த்தம், 811ஏ-க்கு மேல் பேண்டுகள்ல இந்த வியாதி சகஜம். ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்குங்க. கெபாசிட்டர் சார்ஜை வடிக்கிற பிளீடர் ரெசிஸ்டர் இருக்கேன்னு நம்பாதீங்க, அதுவும் சத்தமில்லாம உள்ளே அறுந்து ஓபன் ஆகும், கெபாசிட்டர்ல 1500 வோல்ட் அப்படியே நிக்கும், ஆளையே கொல்லும். கெபாசிட்டர் வோல்டேஜ் ஜீரோன்னு மீட்டர்ல பார்த்தப்புறம்தான் கை வைக்கணும். வால்வு தலைல இருக்கிற பிளேட் கேப் பக்கத்துல, மூணு நாலு சுத்து காயிலுக்குள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும் பாருங்க, அதோட ஒரு முனையைக் கழட்டி அளங்க. கருகி, 50 ஓம் பக்கம் இருக்க வேண்டியது நூத்துக்கணக்குல காட்டினா மாத்திடுங்க. வயர்வவுண்ட் (கம்பி சுத்தின) ரெசிஸ்டர் மட்டும் வேணாம், அதுவே ஒரு காயில்தானே! அப்படியும் ஆசிலேட் ஆச்சுன்னா கிரிட்ல இருந்து சேசிஸுக்கு (உலோகச் சட்டத்துக்கு) போற வயரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாக்குங்க.