பூல் கியூவுக்கு (பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்) கையால் வேலைப்பாடு செய்த தோல் உறையை ஈரோடு, கோவைப் பக்கத்தில் செய்ய முடியுமா? எந்தத் தோல் வாங்க வேண்டும்?

முடியும். ஈரோட்டில் வீட்டு மாடியில் ஒரு சிறு பட்டறை வைத்து, ஆறு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். நீங்கள் தோலைப் பற்றியும் வேலைப்பாட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது பூல் கியூவா, ஸ்நூக்கர் கியூவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூல் கியூ ஏறக்குறைய 58 அங்குல நீளம் இருக்கும். நடுவில் திருகிக் கழற்றினால் பட் (கையில் பிடிக்கும் தடித்த பகுதி) 29, ஷாஃப்ட் (பந்தை அடிக்கும் மெல்லிய பகுதி) 29 என்று இரண்டு சம துண்டுகளாகிவிடும் என்பதால், உள்ளே 31 அங்குலம் இருக்கும் உறை போதும். ஸ்நூக்கர் கியூவில் பலவற்றுக்கு இணைப்பு முக்கால் பங்கில் இருக்கும். அதன் நீளத் துண்டே 40 அங்குலத்தைத் தாண்டும். நம் ஊர் கிளப்புகளில் ஸ்நூக்கர் மேசைகளே அதிகம். ஜபல்பூரில் 1875-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்துக்கு விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது நமக்கு மேலே இருக்கும் ஊட்டி கிளப்பில்தான் என்பதால், அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை.

இனி தோல். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அதில் அச்சு நிற்காது. நனைத்து அழுத்தினால் காய்ந்ததும் பழையபடி எழும்பிவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் அழுத்திய வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களில் தலைமுறைகளாகச் செய்யப்படும் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் பட்டைத் தோல்தான். புவிசார் குறியீடும் பெற்றது. முன்பு ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டார்கள். பின்னர் வாட்டில் பட்டை வந்தது. வாட்டில் மரத்தை மலையில் சீகை மரம் என்பார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு நிறத்தை வெளுப்பாக்குவார்கள். வாங்கும்போது எண்ணெய் குறைவாக ஏற்றிய, 3 முதல் 3.5 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டு முதுகுத் தோல் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வயிற்றுப் பகுதி இழுபடும். எருமைத் தோல் கனமாக இருந்தாலும் அதன் மேற்பரப்பு சொரசொரப்பானது. நுணுக்கமான கோடு அதில் தெளிவாக விழுவதில்லை.

நான் முதன்முதலில் செய்த உறை மூடவே இல்லை. 75 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாயை உள்கூடாக வைத்து, அதன் சுற்றளவு 236 என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கே தோலை வெட்டிப் பன்னிரண்டு நாட்கள் வேலைப்பாடும் செய்தேன். சுற்றிப் பார்த்தபோது இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. தோலுக்கும் கனம் உண்டு என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. 3.5 மில்லிமீட்டர் தோல் என்றால் 75-உடன் 3.5-ஐக் கூட்டி, அந்த 78.5-க்குத்தான் சுற்றளவு பார்க்க வேண்டும். அது 247 வரும். தையல் இழுத்துப் பிடிப்பதற்காக அதில் இரண்டு மில்லிமீட்டரைக் குறைத்து 245 என்று இப்போது வெட்டுகிறேன்.

என் தையலைத் திருத்தியவர் எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா. கிணற்றிலிருந்து மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் எடுக்கும் கவலை இறைத்த காலத்தில், அந்தச் சாலின் அடியில் கட்டும் தோல் வாலைத் தைத்தவர் அவர். அந்த வாலும் ஒரு குழாய்தான். தண்ணீர் ஒழுகாமல் தைக்க வேண்டிய குழாய். பம்புசெட் வந்ததும் அந்த வேலை நின்றது. சாதியைச் சொல்லி ஒதுக்கிய தொழில் என்பதால் என் அப்பா ஊசியைத் தொடவே இல்லை, மில்லுக்குப் போய்விட்டார். நான் எடுத்தபோது வீட்டில் சண்டையே நடந்தது. அப்பாரு மட்டும் என் தையலைப் பார்த்து, “விளிம்புல ஊசி வெளிய வரோணும் சாமி, அடியில போவக்கூடாது” என்றார். குழாயைச் சுற்றிய தோலுக்குள் கையை விட முடியாது; ஆகவே வளைந்த குத்தூசியால் தோலின் முகப்பில் குத்தி, அது வெட்டு விளிம்பின் நடுவில் வெளியேறி, எதிர் விளிம்பில் நுழைந்து மறுபக்க முகப்பில் எழ வேண்டும். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்த வேண்டும். குதிரைச் சேணம் தைப்பதும் இந்த முறையில்தான். ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்றால் 80 சென்டிமீட்டர் உறைக்குப் பக்கத்துக்கு 160 துளைகள். நூல் தையலின் நீளத்தைப் போல ஆறேழு மடங்கு செலவாகும். அத்தனையையும் ஒரே இழையாக எடுத்தால் சிக்கிக்கொள்ளும் என்பதால் மூன்று துண்டுகளாகப் பிரித்துத் தைப்பேன்.

வேலைப்பாடு தையலுக்கு முன்பே, தோல் தட்டையாக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். பின்புறம் முழுவதும் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லையெனில் தட்டத் தட்டத் தோல் நீண்டு, அளந்து வெட்டியதெல்லாம் வீணாகிவிடும். முகப்பை நனைத்து, நிறம் பழைய வெளுப்புக்குத் திரும்பத் தொடங்கி, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரியும் வரை பொறுத்திருக்க வேண்டும். சுழலும் கத்தியால் கனத்தில் பாதிக்கு மேல் போகாமல் கோட்டைக் கீறி, கிரானைட் பலகையின் மேல் வைத்து, கோட்டின் ஓரத்தைச் சரிவு உளியால் தட்டித் தாழ்த்தினால் பூ மேலெழுந்து நிற்கும். தட்டுவதற்கு இரும்புச் சுத்தியல் வேண்டாம். புளியமரக் கொட்டாப்புளி போதும். அச்சுகளைக் கோவை கணபதியில் லேத்துப் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில் கடைந்து வாங்கினேன். அவற்றைத் துடைக்காமல் பயன்படுத்திய அன்று, ஒட்டியிருந்த இரும்புத் தூள் ஈரத் தோலில் பட்டு, நெடுகக் கரும்புள்ளிகள் விழுந்தன. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகிவிடும். எலுமிச்சைச் சாறு அதைச் சற்று மங்கவைக்குமே தவிர முழுவதுமாக எடுப்பதில்லை.

உருளையில் ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆகவே டிராகன், புலி என்று பெரிய படம் கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அமெரிக்க உறைகளில் வரும் சுருள் ரோஜாக் கொடி அழகானது; ஆனால் அதைப் பார்த்து வரைந்ததில் எனக்கு மனம் நிறையவில்லை. இப்போது ஆவாரம்பூவும் கொழுந்தும் மேலே ஏறும் கொடியாகப் போடுகிறேன். சிறிய பூ, இதழ்களும் ஐந்துதான் என்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பூ முழுதாகத் தெரிகிறது.

உள்பக்கத்துக்குத் திருப்பூர் ஃப்ளீஸ் துணித் துண்டுகளே போதும். ஆனால் சாயம் போகாத வெளிர் நிறமாக எடுங்கள். பித்தளை இணைப்பு நேரடியாகத் தோலில் படக்கூடாது, பச்சை பூக்கும். மழைக்காலத்தில் உறையைப் பாலித்தீன் பைக்குள் கட்டிவைத்தால் பூசணம் வரும், துணிப்பையே நல்லது. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டால் எந்தத் தோலும் உள்ளே இருக்கும் மரத்தைக் காப்பாற்றாது.

ஓர் உறைக்கு எனக்கு நாற்பது மணி நேரம் ஆகிறது. அதில் பூவுக்குப் போவது பதினைந்து மணி நேரம்தான். யாரிடம் கொடுத்துச் செய்தாலும் கியூவை நேரில் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள். கழற்றிய துண்டுகளின் இணைப்பு முனையில் மாட்டும் மூடியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அதை மறந்துவிட்டு வந்தவருக்கு நான் செய்த உறை முக்கால் அங்குலம் குறைந்துபோய் இன்னும் என் பட்டறையில்தான் கிடக்கிறது.