ஓக்ரெலிசுமாப் முதல் டோஸில் தொண்டை அரிப்பு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஓக்ரெலிசுமாப் மருந்தில் முதல் 300 மில்லிகிராம் ஏறும்போதே தொண்டை அரித்தது, அன்றிரவு தூக்கமே இல்லை, இரண்டு வாரத்தில் மீதிப் பாதிக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான். அரிப்பு தொடங்கியதுமே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். நான் அரை மணி நேரம் வீரம் காட்டி உட்கார்ந்திருந்தேன், வீண் வேலை. சொட்டு வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிட்டது. மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அது வேறு விஷயம், உடனே நிறுத்திவிடுவார்கள்.

தூக்கம் கெட்டது பெரும்பாலும் இந்த மருந்துக்கு முன்னால் போடும் ஸ்டீராய்டால்தான். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். முதல் தடவைதான் அதிகம் படுத்தும், போகப்போகக் குறைவது வழக்கம். மருந்து முடிந்து ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். வீட்டுக்குப் போன பிறகும் 24 மணி நேரம் வரை கவனமாக இருங்கள். அப்புறம், அன்று காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காதீர்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள்.