ரீமேக் இருந்துவிட்டுப் போகட்டும், பழைய பிரதியைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. பள்ளி நாளிலிருந்தே அறிவியல் புனைகதைப் படங்கள் என்றால் உயிர். கல்லூரியில் படிக்கும் என் மகள் 1982-இல் வந்த 'தி திங்' படத்தைப் பார்த்துவிட்டு, "இதுவே போதும்ப்பா, 1951 படத்தை எதுக்குப் பார்க்கணும்?" என்கிறாள். ரீமேக் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இன்னொன்று, பழைய படங்களை 'மீட்டெடுத்த பிரதி' என்று விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் நல்ல படத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார். இந்த விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

இரண்டு படங்களுக்கும் வேர் ஒன்றுதான்: ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-இல் எழுதிய குறுநாவல். பனிக்குள்ளிருந்து எழுந்து வரும் வேற்றுக்கிரக உயிர், எதையும் அச்சு அசலாக நகலெடுத்துவிடும். பக்கத்தில் இருப்பவன் மனிதனா, அதுவா என்று தெரியாத பயம்தான் கதையே. 1951 படம் அந்தப் பயத்தை விட்டுவிட்டு, தாவர இனத்தைச் சேர்ந்த ஒரு நெட்டை உருவத்தை வைத்துக்கொண்டது. அந்தப் பயத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர் 1982 படத்தின் இயக்குநர் ஜான் கார்பென்டர்தான். ஆக, கேம்பெலுக்கு நெருக்கமானது ரீமேக்.

அந்த ரத்தப் பரிசோதனைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆட்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் ரத்தமும் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில். பழுக்கக் காய்ச்சிய கம்பியை ஒவ்வொன்றிலும் வைக்கிறார் கதாநாயகன். 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த தட்டு, அதிலும் ஒன்றுமில்லை. நாம் வேறு ஒருவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்போது, நினைத்தே பார்க்காத தட்டிலிருந்து ரத்தம் துள்ளி எழுகிறது. ரத்தத்தைச் சூடு வைத்துச் சோதிக்கும் யோசனை கேம்பெல் கதையிலேயே இருப்பது. 1951 படத்தில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

அதற்காக 1951 படம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். பனிக்கு அடியில் புதைந்த விண்கலத்தின் அளவைப் பார்க்க, அதன் விளிம்பு நெடுக ஆளாளுக்குத் தள்ளிப் போய்க் கையை விரித்து நிற்கிறார்கள். சுற்றிப் பார்த்தால் முழு வட்டம்! ஒரு வசனமும் தேவைப்படாமல் வயிற்றைக் கலக்கும் இடம். கார்பென்டர் அதை மறக்கவில்லை. அவர் படத்தில், விண்கலத்தை முதலில் கண்டெடுத்த நார்வேக்காரர்களின் பழைய வீடியோவில் அதே போல ஆட்கள் நிற்பார்கள். திரையை எரித்துக்கொண்டு படத்தின் பெயர் வெளிவருவதும் பழைய படத்துக்கு அவர் செய்த மரியாதைதான். "இதுதான் ஒரிஜினல்" என்று மகளிடம் நீட்டாமல், இந்த இரண்டு இடங்களையும் சொல்லி உட்கார வையுங்கள். அப்புறம் அவரே பார்ப்பார்.

மோசமான ரீமேக்கும் உண்டு. அதே 1951-இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தை 2008-இல் திரும்ப எடுத்தார்கள், என் மனதில் ஒட்டவேயில்லை. போகட்டும், அந்தப் பழைய படத்துக்கு அதனால் ஒரு கீறலும் விழவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 1977-இன் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1997-இல் புதுக் காட்சிகளையும் கணினி உருவங்களையும் சேர்த்தார். அது அவர் உரிமை, சரி. ஆனால் அதற்குப் பிறகு கடைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் மாற்றிய பிரதிதான். முதலில் திரையரங்கில் ஓடிய வடிவம் 2006-இல் ஒரு டிவிடியில் கூடுதல் வட்டாக, சுமாரான தரத்தில் வந்தது. ரீமேக் பழைய படத்தின் பக்கத்தில் போய் நிற்கிறது. இது பழைய படத்தின் இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. நாம் சண்டை போட வேண்டியது இதற்காகத்தான்.

நேர்மையான மீட்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' என்ற மௌனப் படம் போதும். 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான கொஞ்ச நாளிலேயே ஏறக்குறைய கால்வாசியை வெட்டிவிட்டார்கள். வெட்டியது தொலைந்தே போனது என்றுதான் பல பத்தாண்டுகள் நினைத்திருந்தார்கள். 2008-இல் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. நகல் கிடைத்தது. கீறலும் அழுக்கும் படத்தோடு சேர்ந்தே பதிவாகியிருந்தன, சட்டகத்தின் ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. அதிலிருந்து மீட்ட சுமார் 25 நிமிடங்களைச் சேர்த்து 2010-இல் திரையிட்டார்கள். கீறல்களை முடிந்த அளவு குறைத்தார்களே தவிர, மறைத்துப் பூசவில்லை. மழை பெய்வது போன்ற கோடுகளோடு, ஓரத்தில் கறுப்புப் பட்டையோடு அந்தக் காட்சிகள் வரும்போது, இது தொலைந்து கிடைத்தது என்று பார்க்கிறவருக்கே புரிகிறது. கிடைக்காத காட்சிகளுக்கு எழுத்து அட்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு மீட்டவர்கள் மீது நம்பிக்கை வந்ததே அந்தக் கோடுகளால்தான்.

ஆகவே வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள்: எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று உறையில் சொல்லியிருக்கிறார்களா, பிலிமின் மணித்துகள், அதாவது படம் முழுக்க இருக்கும் நுண்ணிய புள்ளிகள், தெரிகிறதா. துகளைச் சுத்தமாகத் துடைத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எந்தப் பழைய படமும் சீரியல் போலத் தெரியும். 'மெட்ரோபொலிஸ்' படத்துக்கு 1984-இல் இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் வண்ணமும் பாப் பாடல்களும் சேர்த்த வடிவமும் உண்டு. மகளுக்கு அதுவும் பிடிக்கலாம், ஆனால் முதலில் 2010 பிரதியைப் போடுங்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும், நடுவில் ஒரு இடைவேளை விட்டுக்கொள்ளலாம்.