வாசலில் மெட்டல் டிடெக்டர் இருந்தால் அது ஆபத்தான பள்ளியா?

கேள்வி: சிகாகோ நகரின் வடக்குப் பகுதியில் பல வருடங்களாக இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். அடுத்துச் சேர வேண்டிய ஹைஸ்கூலைப் பார்க்கப் போனோம். வாசலிலேயே மெட்டல் டிடெக்டர், பைக்கு எக்ஸ்ரே, சீருடையில் செக்யூரிட்டி என்று விமான நிலையம் மாதிரி இருந்தது. அன்றிரவே என் கணவர் புறநகரான நேப்பர்வில்லில் வீடு தேட ஆரம்பித்துவிட்டார். அங்கே இருக்கும் நண்பர்கள், எங்கள் பள்ளியில் இதெல்லாம் கிடையாது என்கிறார்கள். மகள் வரவே மாட்டேன் என்று அழுகிறாள். எங்கே போனால் அவளுக்குப் பாதுகாப்பு? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் பயந்ததில் தப்பே இல்லை. பள்ளி வாசலில் மாங்காய்க் கீற்றும் ஐஸ் வண்டியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மகளின் சாப்பாட்டு டப்பா எக்ஸ்ரே பெட்டிக்குள் போய் வருவது வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கலக்கத்தை மட்டும் நம்பி வீடு வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. புறநகர்ப் பள்ளியிலும் பாதுகாப்பு ஏற்பாடு பலமாகவே இருக்கும். அது பிள்ளைகள் மேல் திரும்பியிருக்காது, அவ்வளவுதான். அப்படி ஒரு பள்ளிக்கு உறவுப் பையனைக் கூப்பிட நான் போயிருக்கிறேன். மணியை அடித்ததும் கேமரா வழியாகப் பெயர் கேட்டார்கள். முதல் கதவு திறந்தது, இரண்டாவது திறக்கவில்லை. நடுவில் நிற்க வைத்து, ஜன்னல் வழியாக டிரைவர் லைசன்ஸை வாங்கி ஸ்கேன் செய்து, என் முகம் அச்சடித்த ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். நகரத்தில் பல பள்ளிகள், பிள்ளை எதையாவது கொண்டுவந்துவிடுமோ என்று பயப்படுகின்றன. புறநகரில் வெளியாள் நுழைந்துவிடுவானோ என்ற பயம். வாசலைப் பார்த்தால் அந்தப் பள்ளி யாரைக் கண்டு பயப்படுகிறது என்று தெரியும். உள்ளே உங்கள் மகள் எப்படி இருப்பாள் என்பது தெரியாது.

இன்னொன்றையும் நாம் மனதில் வைக்க வேண்டும். தினமும் பிள்ளைகளைச் சோதிக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் படிப்பவர்கள் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள். ‘நல்ல ஏரியா’, ‘மோசமான ஏரியா’ என்று நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் பேசுவதில் அந்தக் கணக்கும் கலந்திருக்கிறது. அதைப் பாதுகாப்புக் கணக்கு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நாட்டையே உலுக்கிய பள்ளித் துப்பாக்கிச் சூடுகள் எங்கே நடந்தன என்று பாருங்கள். 1999இல் கொலம்பைன், டென்வரின் புறநகர். 2012இல் சாண்டி ஹூக், கனெடிகட்டில் அமைதியான சிறு நகரம். 2018இல் பார்க்லேண்ட், ஃபுளோரிடாவில் வசதியான புறநகர். சாண்டி ஹூக்கில் கதவு பூட்டித்தான் இருந்தது. கொலையாளி பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்து உள்ளே போனான். பார்க்லேண்டில் ஆயுதம் தாங்கிய காவலர் இருந்தார். அவர் கட்டடத்துக்குள் போகவில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் சுமார் 1 லட்சம் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. இத்தகைய கொடுமை மிக அரிது. ஆனால் புறநகர் என்பதே ஒரு காப்பு என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

2021இல் மிஷிகனில், டெட்ராய்டுக்கு வடக்கே ஆக்ஸ்ஃபோர்ட் ஹைஸ்கூலில் நடந்தது இன்னும் உறுத்துகிறது. பின்னர் சுட்ட பதினைந்து வயதுப் பையன் அன்று காலை வரைந்திருந்த படத்தைப் பார்த்து ஆசிரியர் பதறினார். பெற்றோரை வரவழைத்துப் பேசினார்கள். கடைசியில் அவனை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார்கள். துப்பாக்கி இருந்த பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். வாசலில் மெட்டல் டிடெக்டர் இருந்திருந்தால் பிடிபட்டிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கருவியே இல்லாமல் தடுக்கவும் அன்று அத்தனை வாய்ப்பு இருந்தது. வீட்டில் அந்தத் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்த பெற்றோர் இருவரும் 2024இல் தண்டிக்கப்பட்டார்கள்.

அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் படை (சீக்ரெட் சர்வீஸ்) இப்படிப்பட்ட 37 சம்பவங்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. 81 சதவீதத்தில், தாக்கியவனின் எண்ணம் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு. அந்தப் பிள்ளை நம்பிப் போய்ச் சொல்ல ஒரு பெரியவர் பள்ளியில் இருக்கிறாரா? நான் பார்க்கச் சொல்வது இதைத்தான். உங்கள் ஊரிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையம் 2011இல் இதையே வேறு விதமாகக் கண்டது. குற்றம் அதிகமான பகுதியில் இருந்தாலும், ஆசிரியர், மாணவர், பெற்றோர் உறவு பலமாக இருக்கும் பள்ளியில் பிள்ளைகள் நிம்மதியாக உணர்கிறார்கள். வசதியான பகுதியில் இருந்தும் உறவு சரியில்லாத பள்ளியில் அந்த நிம்மதி இல்லை.

அதனால் இரண்டு பள்ளிக்கும் ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். காலையில் வாசலில் நில்லுங்கள். செக்யூரிட்டி ஊழியர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, அதட்டுகிறாரா? மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள்? ஆபத்து வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருக்கப் பழக்கும் லாக்டவுன் பயிற்சிக்கு முன் வீட்டுக்குத் தகவல் வருமா? அப்புறம் அங்கே படிக்கும் பிள்ளைகள் ஓரிருவரிடம், “எந்த டாய்லெட்டுக்குப் போகமாட்டீங்க?” என்று கேளுங்கள். உடனே பதில் வரும். வகுப்பறையைவிட நடைபாதை, கழிவறை, பள்ளிக்கு வெளியே என்று பெரியவர் கண் படாத இடங்களில்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள் என்று அதே சிகாகோ ஆய்வும் சொல்கிறது.

நகரப் பள்ளி என்றால் நான் அதிகம் யோசிப்பது போய்வரும் வழியைத்தான். டிசம்பரில் சிகாகோவில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். கிளப், விளையாட்டு முடித்து அவள் எந்த பஸ், எந்த நிறுத்தம், யாரோடு வருவாள்? சில பள்ளிகளுக்குப் போகும் தெருக்களில் பளிச்சென்ற மேலங்கி போட்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் பத்திரமாகப் போய்வர 2009 முதல் நடக்கும் ‘சேஃப் பாசேஜ்’ திட்டம் அது. உங்கள் பள்ளிக்கு உண்டா என்று விசாரியுங்கள். உங்கள் கணவர் ஒரு நாள் மாலை அவளோடு அந்த வழியில் நடந்து பார்க்கட்டும்.

நேப்பர்வில் போனால் கவலை காருக்கு மாறும். பதினாறு வயதில் தோழிகள் லைசன்ஸ் வாங்குவார்கள். இவள் அவர்கள் காரில் ஏறுவாள். யார் ஓட்டுகிறார்கள், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று அங்கே தினமும் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒன்று, தோழி வீட்டுத் துப்பாக்கி. நம்மவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். முன்பு சொன்ன ரகசியப் பாதுகாப்புப் படை அறிக்கையின்படி, தாக்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான் ஆயுதத்தை எடுத்தார்கள். இரவு தங்க அனுப்பும்போது, “இவளுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. வீட்ல நாய் இருக்கா? துப்பாக்கி இருந்தா பூட்டி வச்சிருக்கீங்களா?” என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இப்படிக் கேட்பது புதிதல்ல.

மகள் அழுவதைப் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். கூடவே வளர்ந்த சிநேகிதிகள் இருப்பதும் அந்த வயதில் ஒரு பாதுகாப்புதான். அவளையும் இரண்டு பள்ளிக்கும் அழைத்துப் போங்கள், வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பு. பெரிய வீடு, உங்கள் கணவரின் வேலை, உறவினர் பக்கம் என்று வேறு காரணங்கள் இருந்தால் தாராளமாகப் போங்கள். அதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். காரணம் அந்த மெட்டல் டிடெக்டர் மட்டும்தான் என்றால், நான் அவள் பக்கம்.